ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரை எவ்வளவில் தொடங்குவது? பெங்களூரு நண்பர்களுக்குப் பதில்கள்

அல்சூரிலிருந்து: டாக்டர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் நெஞ்சில் விசில் சத்தம். புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர், 200 மைக்ரோகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே 400 அதிகமில்லையா?

அதிகமில்லை அம்மா. பெரியவர்களுக்குப் புடசோனைடு நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை குறைந்த அளவுதான். ஃப்ளுடிகசோன் புரோபியோனேட் என்ற இன்னொரு ஸ்டீராய்டு என்றால் அதே குறைந்த அளவு 100 முதல் 250. மருந்து மாறினால் எண்ணும் மாறும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் 250 எடுக்கிறார் என்று ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: முதலில் நிறையக் கொடுத்து அப்புறம் குறைத்தால் சீக்கிரம் அடங்காதா, சார்?

பழைய டாக்டர்கள் பலர் அப்படித்தான் செய்தோம், நானும்தான். ஆனால் இந்த மருந்தின் பலனில் பெரும்பங்கு குறைந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது. இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், குரல் கம்முவதும் வாயில் வெள்ளை படிவதும் அதைவிட வேகமாகக் கூடும். கிட்டத்தட்ட தினமும் தொந்தரவு, அல்லது வாரம் ஒரு இரவாவது மூச்சுத்திணறி எழுந்து உட்காருகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போதும் ஸ்டீராய்டை ஏற்றுவதற்கு முன், குறைந்த அளவு ஸ்டீராய்டோடு, மூச்சுக்குழாயை நீண்டநேரம் விரித்துவைக்கும் ஃபார்மோடெரால் சேர்ந்த இன்ஹேலரைத்தான் பெரும்பாலும் யோசிப்போம்.

ஜாலஹள்ளியிலிருந்து: ஆஸ்தாலின் இன்ஹேலர் அடித்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறதே அண்ணே, ஸ்டீராய்டு எதற்கு?

ஆஸ்தாலின் மூச்சுக்குழாயை விரிக்கும், அதற்குள் இருக்கும் வீக்கத்தைத் தொடாது; அதைக் குறைப்பது ஸ்டீராய்டுதான். 2019 முதல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்கள் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்கிறது.

மறுபடி ஒயிட்ஃபீல்டு: மூன்று மாதமாக எடுக்கிறேன், கேட்கவில்லை. அளவைக் கூட்டலாமா?

முதலில் எப்படி எடுக்கிறீர்கள் என்று டாக்டர் எதிரில் செய்துகாட்டுங்கள். போன வாரம் ஒருவர் இதே குறையோடு வந்தார், செய்துகாட்டச் சொன்னேன். தூள் மருந்தை இழுக்கும் கருவியான ரோட்டாஹேலருக்குள் முதலில் ஊதினார், அப்புறம் இழுத்தார். தூள் ஈரமாகி உள்சுவரில் மாவு மாதிரி அப்பிக்கிடந்தது! அவருக்கு அளவைக் கூட்டவில்லை, மூச்சை வெளியே விட்டுவிட்டு வாயில் வைக்கச் சொன்னேன், முடிந்ததும் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். நாள் தவறாமல் எடுக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

அல்சூர்: எப்போது குறைக்கலாம்?

மூன்று மாதம் தொந்தரவில்லாமல் போனால் டாக்டரிடம் கேட்டுக் குறைக்கலாம், பெரும்பாலும் பாதியாக. பக்கத்துக் காலி சைட்டில் பார்த்தீனியம் களை பூத்துக்கிடக்கும்போது மட்டும் வேண்டாம், அதன் மகரந்தம் தொந்தரவைக் கிளப்பலாம்.