பீரோவுல கெடந்த டேப் ஆன் ஆகலையா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. ஏற்காடு பக்கம் நாகலூர்ல இருந்து எழுதறேன். என் பொண்ணு ப்ளஸ் டூ படிச்சப்ப வாங்குன ஆண்ட்ராய்டு டேப், அவ சேலத்துக்கு ஹாஸ்டல் போனதுல இருந்து பீரோவுல துணிக்கடியில கெடந்துச்சு, நாலு மாசம் இருக்கும். லீவுக்கு வந்தவ எடுத்து பவர் பட்டனை அமுக்குனா ஒண்ணுமே வரல. சார்ஜர் சொருகி பத்து நிமிஷம் பாத்தோம், பேட்டரி படம் கூட காட்டல. கீழ ஒரு கடையில குடுத்தா போர்டு போயிருச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. அவ தாத்தா பேசுன வீடியோ அதுல தான் இருக்கு, அவர் இப்ப இல்லைங்க. நெஜமாவே போயிருச்சுங்களா?

பதில்: இப்பவே அப்படி முடிவு கட்டாதீங்கம்மா. பத்து நிமிஷம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, விஷயமே அங்க தான் இருக்கு. டேப்பை ஆஃப் பண்ணி வச்சாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே தான் இருக்கும், ஸ்க்ரீனை மட்டும் அணைச்சு வச்சிருந்தா இன்னும் சீக்கிரமா காலியாயிருக்கும், அப்புறம் மிச்ச மாசம் பூரா அடிமட்டத்துக்கும் கீழ போயிருக்கும். லித்தியம் அயான் செல்லு ஃபுல்லா இருந்தா 4.2 வோல்ட் பக்கம் நிக்கும், அதுவே 3 வோல்ட்டுக்கு கீழ போச்சுன்னா சார்ஜ் ஏத்தற சிப்பு ரொம்ப கம்மியா தான் கரண்ட் விடும், ஏன்னா அவ்ளோ காஞ்சு போன செல்லுல ஒரேடியா கரண்ட்டை பாய்ச்சுனா செல்லே கெட்டுப்போயிரும். நாலு நாள் பட்டினி கெடந்தவங்களுக்கு மொதல்ல கஞ்சித்தண்ணி தான குடுப்போம், அந்த மாதிரி. அந்த நேரத்துல ஸ்க்ரீனை எரிய வைக்கற தெம்பு கூட இருக்காது, அதனால தான் பேட்டரி படமே வரல.

எங்கம்மா டேப்புக்கும் இதே கதி தான் ஆச்சு. கடையில போர்டு காலின்னு சொன்னாங்க, மனசு கேக்காம வீட்டுக்கு கொண்டு வந்து காலையில சொருகி வச்சேன், ஒரு மணி நேரம் ஆச்சு ஒண்ணும் இல்ல, ரெண்டு மணி நேரம் ஆச்சு ஒண்ணும் இல்ல, மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு வந்து பாக்கறேன் ஸ்க்ரீன் நடுவுல செவப்பா சின்னதா ஒரு பேட்டரி படம். எங்கம்மா கை தட்டுனாங்க. அதுல இருந்து யாரு என்ன சொன்னாலும் மொதல்ல அரை நாள் பொறுங்கன்னு தான் நான் சொல்றது.

ஆனா சொருகறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துருங்க. ஒண்ணு, டேப்பை சமமான மேஜை மேல வச்சு பாருங்க, முதுகு உப்பியிருந்தாலோ, ஓரத்துல ஸ்க்ரீன் தூக்கிட்டு நின்னாலோ சார்ஜே போடக்கூடாது. பேட்டரி வீங்கிருச்சுன்னு அர்த்தம், அமுக்கி சரி பண்ண பாக்காதீங்க, தீப்பிடிக்கும், பேட்டரி மாத்தறவங்ககிட்ட பத்திரமா கொண்டு போங்க. ரெண்டாவது, உங்க ஊரு பனிமூட்டம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா போதும், மழைக்காலத்துல காத்துல கை வச்சாலே ஈரம் ஒட்டும், பீரோவுல இருக்கற துணியே நமுத்துப் போகுதுல்ல, அதே ஈரம் சார்ஜர் சொருகற ஓட்டையிலயும் எறங்கும். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. டைப் சி-யா இருந்தா நடுவுல சின்னதா நாக்கு மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், அது மேல வரிவரியா பித்தளைக் கலர்ல கோடு தெரியணும், அங்க பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா துருப்பிடிக்குதுன்னு அர்த்தம், அதை நீங்க சொரண்டாதீங்க, ரிப்பேர் பண்றவங்க ஆல்கஹால் தொட்டு சுத்தம் பண்ணுவாங்க. வெறும் பஞ்சும் தூசியும்னா மரப் பல்குச்சியால மெதுவா எடுத்துரலாம், ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். ஈரம்னு தோணுச்சுன்னா காத்தாட ஒரு நாள் வைங்க. அரிசிக்குள்ள புதைக்காதீங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, அரிசித் தூள் உள்ள போயி கெடுத்துரும்னு ஆப்பிள் கம்பெனியே ஐஃபோனுக்கு எச்சரிக்கை குடுத்திருக்கு.

அப்புறம் சார்ஜர். அதே சார்ஜர் அதே கேபிளை வச்சு வேற போன் ஏறுதான்னு பாருங்க, நெறைய பேருக்கு செத்தது கேபிள் தான், பழி டேப் மேல. டேப்போட வந்த சார்ஜர் இல்லன்னா 5 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 10 வாட்டாவது இருக்கறதா பாத்து சுவத்து ப்ளக்குல போடுங்க, கம்ப்யூட்டர்ல சொருகாதீங்க, அது பத்தாது. பகல்ல, ஆள் இருக்கறப்ப, மெத்தை மேல வைக்காம மூணு நாலு மணி நேரம் விடுங்க, நடுவுல நடுவுல பட்டனை அமுக்கி பாக்காதீங்க.

அப்பவும் வரலன்னா சார்ஜர்ல இருக்கறப்பவே பவர் பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் புடிங்க. சாம்சங்னா வால்யூம் கொறைக்கற பட்டனையும் சேர்த்து அமுக்கணும். வால்யூம் கூட்டற பட்டனை அமுக்குனா சில டேப்புல ரெக்கவரின்னு ஒரு மெனு வரும், அதுல வைப் டேட்டான்னு இருக்கறதை தொட்டுராதீங்க, தாத்தா வீடியோ அழிஞ்சுரும். ஒரு இருட்டு ரூம்ல ஸ்க்ரீன் மேல சாய்வா டார்ச் அடிச்சும் பாருங்க, மங்கலா படம் தெரிஞ்சா டேப்பு உசுரோட தான் இருக்கு, ஸ்க்ரீன் லைட்டு தான் போயிருக்கு.

கடைக்காரர் சொன்னபடி போர்டை மாத்திராதீங்கம்மா, இதை கெஞ்சிக் கேட்டுக்கறேன். வீடியோ எல்லாம் பதிஞ்சிருக்கற ஸ்டோரேஜ் சிப்பு போர்டுலயே தான் ஒட்டியிருக்கும், புது போர்டு போட்டா டேப்பு ஓடும், வீடியோ இருக்காது. மெமரி கார்டு போட்டிருந்தா அதை மொதல்ல கழட்டி வேற போன்ல போட்டு பாருங்க, யாருக்கு தெரியும், வீடியோ அதுலயே இருக்கலாம். திரும்ப கடைக்கு போகணும்னா பேட்டரியை தனியா வோல்ட் பாத்து சொல்லச் சொல்லுங்க, பேட்டரி தான்னா பேட்டரி மட்டும் மாத்துனா போதும், உள்ள இருக்கறது எதுவும் போகாது.

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கேன். பில்லு போடற டேப் திடீர்னு சார்ஜ் ஏறல, இப்ப ஆனும் ஆகல. சார்ஜர் ஓட்டையில விழுந்த வெள்ளித் தூளை காந்தம் வச்சு எடுக்கலாமா?

பதில்: வெள்ளி காந்தத்துல ஒட்டாதுங்கண்ணே. ஆனா கரண்ட்டை நல்லா கடத்தும், ராவுன தூளு ஓட்டைக்குள்ள விழுந்தா பின்னுக்கு பின்னு ஷார்ட் ஆயிரும். இனிமே சார்ஜர் சொருகாதீங்க. ஓட்டை கீழ பாத்த மாதிரி டேப்பை புடிச்சு காஞ்ச மெல்லிசு ப்ரஷ்ஷால தட்டி விடுங்க, வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும். அதுக்கப்புறமும் ஆகலன்னா ரிப்பேர் பண்றவங்ககிட்ட குடுத்து சார்ஜிங் போர்ட்டை, அதாவது சார்ஜர் சொருகற ஓட்டை இருக்கற பாகத்தை மட்டும் பாக்கச் சொல்லுங்க, நெறைய டேப்புல அது தனி சின்ன பலகையா வரும், மாத்தறது சுலபம். சரியானதும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டுட்டு, சார்ஜை பட்டறையில போடாம வீட்டுல போடுங்க.