இருட்டுல பார்க்கிற டிடெக்டர்

கேள்வி: ஹெச்பிஎல்சி-ல (கரைசல்ல கலந்திருக்கிற பொருள்களை ஒரு குழாய் வழியா ஓட்டிப் பிரிக்கிற கருவி) அஃப்ளடாக்சின் (பூஞ்சை உண்டாக்குற நச்சு) பார்க்கிறோம் சார். யுவி டிடெக்டர்ல பேஸ்லைனோட (கிராஃபோட அடிக்கோடு) பேஸ்லைனா கிடக்கிற பீக் (பொருள் வரும்போது எழுற மேடு), ஃப்ளூரசன்ஸ் டிடெக்டர்ல மட்டும் பளிச்னு எழுந்து நிக்குது. ரெண்டுமே லைட்டத்தானே அளக்குது? அப்போ எல்லாத்துக்கும் இதையே போட்டுட்டா என்ன?

பதில்: ரெண்டும் லைட்டத்தான் அளக்குது, ஆனா பார்க்கிற இடம் வேற. யுவி-ல டிடெக்டர் லேம்ப்புக்கு நேர் எதிர்ல உட்கார்ந்திருக்கு, வர்ற அத்தனை வெளிச்சத்துல சாம்பிள் உறிஞ்சின துளியூண்டு குறைச்சலைத்தான் அது கண்டுபிடிக்கணும், அது பட்டப்பகல்ல மின்மினிய தேடுற கதை. ஃப்ளூரசன்ஸ்ல செனான் லேம்ப் வெளிச்சம் ஒரு பக்கமா ஃப்ளோ செல்லுக்குள்ள (சாம்பிள் ஓடுற சின்ன கண்ணாடி அறை) போகும், போட்டோமல்டிப்ளையர்ங்கிற ஒளி உணர்வான் 90 டிகிரி பக்கவாட்டுல இருந்து பார்க்கும், அதனால சாம்பிள் வரலேன்னா அதுக்கு கிட்டத்தட்ட இருட்டுதான், கொஞ்சூண்டு வெளிச்சம் வந்தாலும் தெரிஞ்சிடும்.

இன்னொரு விஷயம், உள்ள போற அலைநீளம் வேற, வெளிய வர்றது வேற. மூலக்கூறு வாங்கின எனர்ஜில கொஞ்சத்தை வெப்பமா விட்டுட்டு மிச்சத்தைத்தான் ஒளியா கக்கும், அதனால வர்றது எப்பவும் நீளமான அலை (1852-ல இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் குயினைன் கரைசல வச்சு காட்டினது இதைத்தான்). உங்க அஃப்ளடாக்சினுக்கு 365 நானோமீட்டர்ல தூண்டி 435 பக்கம் பார்ப்பீங்க, இந்த ரெண்டு நம்பரும் ஒத்து வர்ற பொருள் கொஞ்சம்தான், அதனால பக்கத்து குப்பை பீக்கெல்லாம் தானா கழண்டுக்கும்.

எல்லாத்துக்கும் போட முடியாது, ஏன்னா முக்கால்வாசி பொருள் ஒளிராது. ஆந்த்ரசீன் மாதிரி இறுக்கமான வளையக்காரங்கதான் தானா ஒளிருவாங்க, அமினோ ஆசிட்டுக்கெல்லாம் ஓபிஏ (அமினோ ஆசிட்டோட சேர்ந்து ஒளிர வைக்கிற ரசாயனம்) மாதிரி ஒண்ண ஒட்டி விடணும். அஃப்ளடாக்சின்லயே பி1, ஜி1 வகை ரெண்டும் தண்ணி கலந்த மொபைல் ஃபேஸ்ல (சாம்பிள சுமந்துட்டு ஓடுற திரவம்) மங்கிடும், பிரிக்கிற குழாய (column) தாண்டினதும் புரோமின் கலக்கிறதோ யுவி லேம்ப் காட்டுறதோ அதுக்குத்தான்.

கேள்வி: அதே ஸ்டாண்டர்டுதான் (அளவு தெரிஞ்ச ஒப்பீட்டு கரைசல்), காலைல ஒரு பீக் ஏரியா, மத்தியானம் கம்மி. லேம்ப் போச்சா?

பதில்: லேம்ப் மேல பழி போடுறதுக்கு முன்னாடி ரூம் டெம்பரேச்சரப் பாருங்க. ஒரு டிகிரி ஏறினாலே பல பொருளுக்கு 1 – 2 சதவீதம் சிக்னல் இறங்கும், செல்லுக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருந்தா ஆன் பண்ணி வைங்க. அடுத்து டீகேஸர் (மொபைல் ஃபேஸ்ல இருக்கிற வாயுவ எடுக்கிற கருவி) ஓடுதான்னு பாருங்க, கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் ஒளிர்வ அணைச்சிடும், பைரீன், நாஃப்தலீன் எல்லாம் இதுல ரொம்ப அடி வாங்கும். லேம்ப்பத்தான் சந்தேகப்படுறீங்கன்னா சுத்தமான தண்ணிய விட்டு 350-ல தூண்டி 397-ல ராமன் சிக்னலப் (தண்ணி மூலக்கூறு சிதறடிக்கிற ஒளி) பாருங்க, புது லேம்ப் போட்டப்போ எடுத்த ரீடிங்கோட ஒப்பிட்டா தெரிஞ்சிடும்.

சாம்பிள் பீக் மட்டும் எதிர்பார்த்ததை விட சின்னதா இருந்தா அது வேற கேஸ், கான்சன்ட்ரேஷன் ரொம்ப ஏறினா முன்னாடி இருக்கிற மூலக்கூறே தூண்டுற வெளிச்சத்த குடிச்சிடும், பின்னாடி இருக்கிறதுக்கு ஒண்ணும் கிடைக்காது. பாதிக்குப் பாதி டைல்யூட் பண்ணி ஓட்டுங்க, ஏரியா பாதியா குறையாம அதை விட கூட நின்னா டைல்யூட் பண்ணின ரிசல்ட்டைத்தான் நம்பணும், அதுவும் இன்னொரு தடவை டைல்யூட் பண்ணி சரியா பாதியாகுதான்னு பார்த்துட்டு.