சம்பா, முந்திரி, உப்பேறிய கிணறு: கடலூர், பாகூர் விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை முழுவதும் விட்டு விட்டுப் பெய்த மழை, இப்போது மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. இதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமா? (காட்டுமன்னார்கோவில்)

பதில்: ஒரு தனிப் புயலைக் காட்டி, இது பருவநிலை மாற்றத்தால் மட்டுமே வந்தது என்று கூறுவது சரியல்ல, கடலூர் கரைக்குப் புயல் புதிதும் அல்ல. ஆனால், காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அதனால் பெய்யும்போது கனத்துப் பெய்யும் வாய்ப்பும் கூடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்றதில், அங்கு ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. உங்கள் பகுதியில் மழையோடு வீராணம் ஏரியின் உபரி நீரும் வெள்ளியங்கால் ஓடையில் இறங்குகிறது. ஆகவே புது ரகத்தைத் தேடி அலைவதற்கு முன் ஊரார் கூடிக் கவனிக்க வேண்டியது வடிவாய்க்காலைத்தான் என்பது என் கருத்து; ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் புரட்டாசிக்குள் அகற்றப்படாவிட்டால், எந்த ரகம் நட்டாலும் பயிர் அழுகுவதைத் தடுக்க இயலாது.

கேள்வி: வெள்ளத்தைத் தாங்கும் நெல் என்று விற்கிறார்களே, நம்பலாமா? மூழ்கிய பயிருக்கு என்ன உரம் இடுவது? (புவனகிரி)

பதில்: சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள், தூர் கட்டும் பருவத்தில் முழுவதும் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கக்கூடியவை. பூக்கும் பருவத்தில் மூழ்கினால் அந்தக் குணம் உதவாது என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நேரடி விதைப்பில் முளை விடும் வேளையில் தண்ணீர் தேங்கினாலும் இதே நிலைதான். மூழ்கிய பயிருக்கு, முதலில் தண்ணீரை வடித்து வேர் மூச்சு விட வழி செய்யுங்கள். வடியாத வயலில் உரம் இடுவது வீண் செலவு. வடிந்த பின், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இடலாம்.

கேள்வி: என் வயல் மட்டும் மூழ்கியது. பயிர்க் காப்பீடு கிடைக்குமா? (சிதம்பரம்)

பதில்: விளைச்சல் இழப்பு, தனி வயலை வைத்து அல்லாமல், அறிவிக்கப்பட்ட கிராமத்தின் சராசரியை வைத்தே பயிர் அறுவடைச் சோதனை மூலம் கணக்கிடப்படுவதால், அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். இருப்பினும் சம்பாவுக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான் என்பதால், பதிவு செய்யாமல் இருப்பதற்குக் காரணம் இல்லை.

கேள்வி: தானே புயலில் விழுந்த முந்திரிக்குப் பதிலாக நட்ட ஒட்டுச் செடிகள் காய்ப்புக்கு வந்துவிட்டன. ஆனால் பூக்கும் நேரத்தில் மழையும் மூடுபனியும் வந்து பூங்கொத்து கருகிவிடுகிறது. (பண்ருட்டி)

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்தவை பல பத்தாண்டு வயதுடைய மரங்கள்; அந்த இழப்பு ஒரே பருவத்தில் ஈடாகக் கூடியது அல்ல. இப்போது நீங்கள் சொல்வது வேறு சிக்கல். முந்திரி பூப்பதற்கு வறண்ட வானிலை வேண்டும்; வடகிழக்குப் பருவமழை தை வரை நீண்டால், துளிரும் பூவும் ஒன்றாக வந்து, மேகமூட்டத்தில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி பெருகி, அது சாறு உறிஞ்சிய இடமெல்லாம் கருகும். துளிர் விடும் பருவத்திலேயே தோட்டத்தைச் சுற்றி வந்து பாருங்கள். பூ கருகிய பின் மருந்தடிப்பதால் போன பூ திரும்பாது. முழுப் பூப்பில், தேனீ வரும் காலை வேளையில் மருந்தடிக்கவே கூடாது. அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து மரத்தைத் தாழ்வாக வைத்திருந்தால், காற்றின் பிடியும் குறையும், மருந்தும் எட்டும். ரகம் குறித்த ஐயங்களுக்கு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். பலா ஊடே இருந்தால் அதை வெட்டிவிட வேண்டாம். ஒரு பயிர் தவறும் ஆண்டில் மற்றொன்று கைகொடுக்கும்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறுகிறது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா? (பாகூர்)

பதில்: ஆகாது. ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து. கடல் நீர் கலந்து உவர்ப்பேறிய நிலத்துக்கு, நல்ல தண்ணீர் தேக்கி உப்பைக் கழுவி வடிப்பதுதான் வழி. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அதன் அடியில் உள்ள உப்பு நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறக்கூடும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. கடல் மட்டம் உயர்வது இதைக் கடுமையாக்கும் என்றாலும், உடனடிக் காரணம் நாம் இறைக்கும் அளவுதான். எனவே கிணற்றை மேலும் ஆழப்படுத்தாதீர்கள். பாகூர் ஏரியில் தண்ணீர் இருக்கும்போது ஏரிப் பாசனத்தையே பயன்படுத்தி, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, நெல்லுக்கு உப்பைத் தாங்கும் ரகத்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நவரைப் பருவ நெல்லில் பதர் கூடுகிறது. வெயிலாலா? (நெட்டப்பாக்கம்)

பதில்: பூ விரியும் முற்பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பதர் விழும். இரவு வெப்பமும் கணக்கில் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பயிர்க் காலத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைவது தெரியவந்தது. குறுகிய கால ரகத்தை முன்கூட்டியே நட்டு, பூப்பு மாசிக்குள் முடியுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கதிர் வெளிவரும் நாட்களில் வயலில் தண்ணீர் வற்ற விடாதீர்கள்.