டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனால் மேடை போய்விடுமா?

கல்லூரியில் ஜாஸ் டிரம்ஸ் கற்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, ஒத்துக்கொண்டால் மேடை வாழ்க்கை அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வருபவர் அமெரிக்க ஜாஸ் டிரம்மர் ஆலன் டாசன்.

1929இல் பென்சில்வேனியாவில் பிறந்து, பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் வளர்ந்தவர். 1953இல் ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் குழுவோடு ஐரோப்பா போய்வந்தார். 1957இல் பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். 18 வருஷம் அங்கே இருந்தார். அதற்காக மேடையை விடவில்லை. 1963 முதல் 1970 வரை, பாஸ்டனுக்கு வடக்கே பீபடி ஊரில் இருந்த லென்னீஸ் என்ற ஜாஸ் கிளப்பின் நிரந்தர டிரம்மர் அவர்தான். சாக்ஸஃபோன் கலைஞர் புக்கர் எர்வின், பியானோ கலைஞர் ஜாக்கி பையர்டு ஆகியோருடன் இசைத்தட்டுகளில் வாசித்ததும் இதே காலத்தில்தான். 1968இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தன் குழுவில் ஜோ மொரெல்லோ இருந்த இடத்துக்கு இவரைக் கூப்பிட்டார். அப்போதும் அவர் பெர்க்லீ வாத்தியார்தான்.

அவர் பாடம் நடத்திய விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாணவர் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாட்டின் மெட்டை வாய்விட்டுப் பாட வேண்டும். வீட்டில் முதல்முறை நான் முயன்றபோது எட்டாவது பாரில், அதாவது எட்டாவது தாளச் சுற்றில், குரல் நின்றுவிட்டது, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை எண்ணிக்கையைத்தான் வாசித்திருக்கிறேன், பாட்டை வாசிக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. இப்போது 32 பார் முழுக்கப் பாடுகிறேன். சோலோ நடுவிலும் பாட்டின் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரிகிறது.

அப்புறம் அவருடைய 'ருடிமெண்டல் ரிச்சுவல்' என்ற பயிற்சி. ருடிமெண்ட் என்றால் டிரம்ஸின் அடிப்படை அடி வரிசை. கால்கள் இரண்டும் சம்பா என்ற பிரேசில் தாள நடையை விடாமல் போட்டுக்கொண்டிருக்க, கைகள் ஒரு ருடிமெண்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியே இல்லாமல் போக வேண்டும். இதைக் குச்சியால் அல்ல, கம்பி இழைகள் கொண்ட பிரஷ்ஷால் வாசிக்கச் சொல்வார். குச்சி தோலில் பட்டதும் தானாக எகிறும், பிரஷ் எகிறாது. ஒவ்வோர் அடிக்கும் மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எனக்கு முன்கை கனத்துவிடும். அதன் பிறகு குச்சியை எடுத்தால் கை மிதக்கிறது!

டிரம்மர் டோனி வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோதே இவரிடம் வந்தவர். 17 வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் உட்கார்ந்தார். டெரி லின் கேரிங்டன், ஸ்டீவ் ஸ்மித், வின்னி கொலயூட்டா எல்லோரும் இவரிடம் படித்தவர்கள். ஒருவர் வாசிப்பு இன்னொருவருடையது மாதிரி இருக்காது, டாசன் மாதிரியும் இருக்காது. ஓர் ஆசிரியரைப் பற்றி இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

1975இல் முதுகெலும்பு டிஸ்க் பாதிக்கப்பட்டதால் ஊர் ஊராகப் போவதை அவர் விட வேண்டியதாயிற்று. பெர்க்லீயையும் விட்டு, லெக்சிங்டனில் தன் வீட்டிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1996இல் காலமானார். கவனியுங்கள், அவரைப் பயணத்திலிருந்து நிறுத்தியது முதுகு, வகுப்பு அல்ல.

வேலையை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேரும்போதே, வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வாசிக்கிற மாதிரி உங்கள் வகுப்பு நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.