அண்ணி பகலில் ஃப்ரீயாம்

கேள்வி:
பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். வயது 28. கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி, பிள்ளைகளுக்குச் செல்லோ (வயலின் மாதிரி, ஆனால் பெரியது, உட்கார்ந்து வில்லால் வாசிப்பது) சொல்லிக்கொடுக்கிறேன். 17 பேர் கொண்ட ஒரு சேம்பர் ஆர்கெஸ்ட்ராவிலும் (சிறிய இசைக்குழு) வாசிக்கிறேன். வரும் அக்டோபரில் எங்கள் குழு ஆஸ்திரியா, ஹங்கேரி, செக், ஜெர்மனி என்று 22 நாள் பயணம் போகிறது. மொத்தம் 11 கச்சேரி. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இரண்டு வருடமாக டயாலிசிஸ். அம்மா இல்லை. "அப்பன் இப்படிக் கிடக்கும்போது கல்யாணமாகாத பெண்ணுக்கு ஐரோப்பா கேட்குதா" என்று அத்தைகள் பேசுகிறார்கள். அண்ணன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதில் பிரச்சினை இல்லை. அண்ணிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், பகலில் ஃப்ரீதான், அவர் பார்த்துக்கொள்வார். இந்த வாய்ப்பு இனி வருமா தெரியவில்லை. நான் போவது சுயநலமா?
– பெயர் வேண்டாம், சிலாங்கூர்

பதில்:
உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறார்கள். நாலு பக்கக் கடிதம் முழுதாக என் மேசையில் இருக்கிறது.

அத்தைகளைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். அதைப் படித்ததோடு சரி. அத்தைகள் நீ போனாலும் பேசுவார்கள், போகாவிட்டால் "அவ்வளவு படிச்சு என்னத்த கிழிச்சா" என்று பேசுவார்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் நாலைந்து வருகிறது. செல்லோ இருக்கும் இடத்தில் ஒருவருக்குச் சிங்கப்பூர் வேலை இருக்கும், இன்னொருவருக்கு லண்டன் படிப்பு இருக்கும். எல்லோரும் கடைசி வரியில் "நான் சுயநலக்காரியா" என்றுதான் கேட்கிறார்கள். இல்லையம்மா என்று நான் எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடலாம் பாருங்கள்.

என்னை நிறுத்தியது மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. "பகலில் ஃப்ரீதான்."

வா, கணக்குப் போடுவோம். ஷிப்ட் ராத்திரி ஏழு முதல் காலை ஏழு வரை என்று நீயே எழுதியிருக்கிறாய். தொழிற்சாலை பஸ் வீட்டு முனையில் இறக்கிவிடும்போது எட்டு ஆகிவிடும். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் அதற்குள் பள்ளிக்கூடம் போயிருக்கும். அவர்களைக் கிளப்பியது யார், உன் நோயாளி அப்பாவா? அண்ணி பசியாறினாரோ இல்லையோ, உன் அப்பாவை அந்தப் பழைய கஞ்சில் காரில் ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூர் டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டும். ஊசி குத்தி நாலு மணி நேரம் மெஷினில். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், தலைசுற்றல் அடங்கட்டும் என்று உட்கார வைக்க வேண்டும். வீடு திரும்பும்போது இரண்டரை. அப்புறம் சோறு, துணி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். ஆறு மணிக்கு மறுபடி பஸ். இதில் அண்ணி எப்போது தூங்குகிறார்? அந்த மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் பிளந்து தூங்குவாராக இருக்கும். நீ பார்த்ததில்லை. பார்த்திருந்தால் 'ஃப்ரீ' என்ற சொல் உன் பேனாவில் வந்திருக்காது.

இப்போது இதையும் கேள். உன் செல்லோவுக்கு விமானத்தில் தனி டிக்கெட். ஜன்னல் ஓரம், பெல்ட் நீட்டிப்பு போட்டுக் கட்ட வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறாய். கருவியைத் தற்காலிகமாகத்தான் வெளிநாடு கொண்டுபோகிறேன் என்று சுங்கத்தில் காட்ட கார்னே பத்திரம். வில்லின் முனைத் தகடு எலும்புதான், யானைத் தந்தம் இல்லை என்று பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்கிய கடிதம். ஹீட்டர் போட்ட அறையில் மரம் காய்ந்து சுருங்கும், நம் ஊர் ஈரத்தில் பழகிய மேல்பலகை வெடித்துவிடும் என்று, ஈரப் பஞ்சு அடைத்த ரப்பர் குழாயை அதன் வயிற்றுக்குள் தொங்கவிட்டு, தினமும் காலையில் நனைப்பாயாம். நல்லது. கருவியை இப்படிக் கவனிக்கிறவள் தொழில் தெரிந்தவள்தான்.

செல்லோவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று உனக்குத் தெரிகிறது. டயாலிசிஸ் செய்கிறவர் நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது, அளவு உண்டு. உன் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்? ரசம் அதில் சேருமா? மாத்திரை விழுங்கக் குடிப்பது சேருமா? நாலு பக்கத்தில் அது இல்லை. அண்ணிக்குத் தெரியும். அந்த அண்ணிக்குக் கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

22 நாள் போகலாமா என்று கேட்கிறாய். திங்கட்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்புகிறாய். செவ்வாய், வியாழன், சனி என்று ஒன்பது முறை டயாலிசிஸ். நீ போகாமல் இருந்தால் அந்த ஒன்பதில் எத்தனை முறை நீ அப்பாவை அழைத்துப் போவாய்? இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவள் நீ. ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸே கிடையாது. ஆக நீ ஐரோப்பா போனாலும் சரி, கோலாலம்பூரில் இருந்தாலும் சரி, உன் அப்பாவுக்கு ஒன்றும் மாறப்போவதில்லை. பயணத்தை ரத்து செய்தால் அத்தைகளுக்கு நல்ல பிள்ளை ஆகலாம், அவ்வளவுதான். எனக்குக் கோபம் அந்த 22 நாள் மேல் இல்லை. கழிந்துபோன இரண்டு வருடத்தின் மேல்.

உங்கள் நிகழ்ச்சியில் மோசார்ட் இருக்கிறது, அவர் 16 வயதில், 1772-ல் எழுதிய டிவெர்ட்டிமென்டோ (இலகுவான வாத்திய இசை) என்று பெருமையாகச் சொல்கிறாய். அதே மோசார்ட் 22 வயதில் பாரிஸ் போனார். கூடப் போக வேண்டிய அப்பாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. உடனே வீட்டில் என்ன முடிவு? அம்மா போவாள், அம்மா பார்த்துக்கொள்வாள். அந்த அம்மாள், பேர் ஆன்னா மரியா, இருட்டறையில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், சிறையில் இருப்பது மாதிரி இருக்கிறது, வெயிலையே பார்க்க முடியவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதினாள். மகன் வெளியே கச்சேரிக்கும் பெரிய மனிதர்கள் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். 1778 ஜூன் 18-ல் அவருடைய பாரிஸ் சிம்பொனி அரங்கேறியது. ஜூலை 3-ல் அம்மா அங்கேயே கண்ணை மூடினாள். உன் அண்ணிக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, பயமுறுத்துவது என் வேலை இல்லை. அந்தக் குடும்பத்தில் எத்தனை மேதைகள் இருந்து என்ன, அந்த அம்மாளை யாராவது "உனக்குச் சம்மதமா" என்று உட்கார வைத்துக் கேட்டிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

நானும் ஒருத்திக்கு மருமகள்தான். மாமியார் பக்கவாதத்தில் ஏழு வருடம் கிடந்தார். நாத்தனார்கள் இருவரும் தீபாவளிக்கு பிஸ்கட் டின்னோடு வருவார்கள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். "அண்ணி, நீங்க தூங்கினீங்களா" என்று ஏழு வருடத்தில் ஒருத்தி கேட்டதில்லை. அந்த டின்களில்தான் இன்றைக்கும் பருப்பு போட்டு வைத்திருக்கிறேன். மூடி திறக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

பெற்றவரைப் பார்ப்பது பெற்ற பிள்ளைகளின் கடமை. உனக்கும் உன் அண்ணனுக்கும்தான் அது முதலில். மருமகள் செய்வது அவள் மனசு. இந்தக் காலத்தில் இப்படி எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். உன் அண்ணன் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாளில் ஒன்று பெரும்பாலும் டயாலிசிஸ் நாளாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவர் என்ன செய்கிறார் என்றும் நீ எழுதவில்லை. தூங்குகிறார் என்றால், அவரையும் கேட்க வேண்டியிருக்கிறது.

நீயும் தோட்டத்துப் பிள்ளை. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஒருவர் வராவிட்டால் அவருடைய நிரையை, அதாவது அவருடைய மர வரிசையை, கங்காணி இன்னொருவருக்குக் கொடுப்பார். அடுத்தவர் மரத்தை வெட்டினாலும் வெட்டியவர் பேர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் விழும், அன்றைய சம்பளம் அவருக்குத்தான். வெள்ளைக்காரத் துரைக்கே அந்த நியாயம் இருந்தது. உன் ஆர்கெஸ்ட்ராவிலும் அதேதானே? போன வருடம் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஒரு கச்சேரிக்கு மாற்று ஆள் போட்டாய். மூன்று வாரம் முன்னாலேயே கேட்டாய், பணம் பேசினாய், வில் எங்கே மேலே எங்கே கீழே என்று உன் நோட்ஸில் பென்சிலால் குறித்துக் கொடுத்தாய். நடத்துனர் இல்லாமல், ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டு வாசிக்கிற குழுவாம் உங்களுடையது. வீட்டில் மட்டும் காது அடைத்துக்கொண்டது எப்படி?

போ. போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அக்டோபருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை வாரத்தில் ஒரு நாள் டயாலிசிஸ் உன்னுடையது. சனிக்கிழமைதான் மாணவர்கள் அதிகம் என்பாய், தெரியும்; அப்படியானால் செவ்வாயோ வியாழனோ எடுத்துக்கொள். திரும்பி வந்த பிறகும் அது உன்னுடையதுதான். பயணத்துக்குக் கிடைக்கிற பணத்தில், நீ இல்லாத ஒன்பது முறைக்கும் வேன் வைத்துவிடு. பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டபின் சும்மாதான் இருப்பார்கள், பேசிப் பார். யாராவது கூட உட்கார வேண்டும் என்றால் அதற்கும் பணம் கொடு. அண்ணியிடம் "உதவி" என்று கேட்காதே. எத்தனை முறை முடியும் என்று கேள். ஒன்றுமே முடியாது என்று அவர் சொன்னால் கோபப்பட உனக்கு உரிமையில்லை. ஒன்பதுக்கும் நீதான் ஆள் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் கேட்டுத் தொலைக்காதே. இந்த ஞாயிறு ஊருக்குப் போ. சனி ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார், மதியம்தான் எழுவார். அதுவரை அப்பாவோடு உட்கார்ந்திரு. அவர் தண்ணீர் கேட்டால் நீ கொடு. எவ்வளவு என்று அவரையே கேட்டுக்கொள். செல்லோ எடுத்துப் போயிருந்தால் பெட்டியைத் திறக்காதே, அண்ணி தூங்கட்டும்.