சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள சார்,

குடியை நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. அலுவலகம், வீடு, என் அறை, அவ்வளவுதான். கல்யாணம், பிறந்தநாள் என்று எதற்கும் போவதில்லை, யாராவது கிளாஸை நீட்டிவிடுவார்களோ என்று பயம். "குடிச்சப்பவும் நீங்க இங்க இல்ல, இப்பவும் இல்ல" என்று போன வாரம் மனைவி சொன்னாள். நான் போகும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்தில் ஏதாவது சேவைப் பொறுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நானே இன்னும் சரியாகவில்லை, மற்றவர்களுக்கு என்ன செய்துவிட முடியும்? முழுதாகக் குணமான பிறகு செய்யலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. உங்கள் கடிதத்திலேயே தெளிவான வரி உங்கள் மனைவி சொன்னதுதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குடி என்பது முழுநேர வேலை. எப்போது, எங்கே, யாருக்குத் தெரியாமல், காசுக்கு என்ன வழி, வாய் நாற்றத்தை எப்படி மறைப்பது, நாளைக்கு அலுவலகத்தில் என்ன பொய் சொல்வது என்று காலையில் கண் விழித்ததிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திய மறுநாள் அந்த வேலை போய்விடுகிறது, அந்த நேரம் மட்டும் அப்படியே கிடக்கிறது. அதில் எதையாவது வைப்பதற்குப் பதில் அந்தக் காலி இடத்தைப் பூட்டிவிட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறோம். நானும் உட்கார்ந்திருந்தேன். முதல் வருடம் முழுக்க, கஞ்சன் காசு எண்ணுவது போல நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் செய்யவில்லை.

எதுவும் ருசிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. வருடக்கணக்கில் மதுவுக்குப் பழகிய மூளைக்குச் சின்னச் சின்ன சந்தோஷங்கள் மறுபடி உறைக்கப் பல மாதங்கள் ஆகும். அதனால் 'ஆசை வரட்டும், அப்புறம் போகலாம்' என்று காத்திருந்தால் நடக்காது. போன பிறகுதான் ஆசை வரும், அதுவும் நாலாவது ஐந்தாவது தடவையில். (பதினான்கு மாதமாகியும் எதிலுமே பிடிப்பு இல்லை என்றால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். மனச்சோர்வு தனி நோய், அதற்கு மருந்து உண்டு. மாத்திரை சாப்பிட்டால் நிதானம் கெட்டுவிடும் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.)

'முழுதாகக் குணமான பிறகு' என்கிறீர்களே, ஏஏ தொடங்கிய கதையே அதற்கு நேர்மாறானது. 1935 மே மாதம், பங்குச்சந்தை ஆளான பில் வில்சன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது, வந்த வியாபாரமும் கவிழ்ந்துவிட்டது, பக்கத்து பாரிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவர் அங்கே நுழையாமல் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம் போதும் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அன்று பில் போன் போட்டது பாபைக் காப்பாற்ற அல்ல, தான் குடிக்காமல் இருக்க. அதற்கு முன்பு நியூயார்க்கில் மாதக்கணக்கில் குடிகாரர்களிடம் பேசிப் பார்த்து ஒருவர்கூட விடவில்லை என்று அவர் நொந்துபோயிருந்தபோது, 'நீங்கள் குடிக்கவில்லையே' என்று சுட்டிக்காட்டியவர் அவர் மனைவி லோயிஸ். இந்த விஷயம் மனைவிகளுக்குத்தான் முதலில் விளங்கும் போலிருக்கிறது.

எண்ணிக்கை வேண்டுமென்றால், ப்ராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய சிகிச்சை ஆய்வின் தரவுகளை வைத்து 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்குப் பிந்தைய ஓராண்டில், மற்ற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், உதவாதவர்களில் 22 சதவீதம் பேர். தேறியவர்கள்தானே உதவ முன்வந்திருப்பார்கள் என்று வாதாடலாம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் எனக்கு நடந்தது தலைகீழ்.

எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, கூட்டம் நடக்கும் ஹாலின் சாவி. போய்த் திறந்து, நாற்காலி போட்டு, முடிந்ததும் பூட்ட வேண்டும். பிரசங்கம் கிடையாது, யாரையும் திருத்த வேண்டியதில்லை. ஒருநாள் சாயங்காலம், வீட்டில் சண்டை, மழை வேறு, இன்றைக்குக் குடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன். பாக்கெட்டில் பணத்தைத் தேடிய கையில் சாவி தட்டுப்பட்டது. நான் போகாவிட்டால் பத்துப் பன்னிரண்டு பேர் நனைந்துகொண்டு வெளியே நிற்பார்கள். அவ்வளவுதான் நினைத்தேன், உயர்ந்த எண்ணம் எதுவும் இல்லை. சும்மா எரிச்சலோடுதான் போய்த் திறந்தேன். நாற்காலிகளைப் போட்டு முடிப்பதற்குள் அந்த வெறி தணிந்திருந்தது. நான் வரவில்லையே என்று நினைக்க யாராவது இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் குடித்த காலத்தில் நான் வராமலிருந்தால்தான் எல்லோருக்கும் நிம்மதி.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் குழுவின் எல்லாப் பொறுப்பையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். தினமும் ஒரு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைப் பார்வை, நடுராத்திரி போன் வந்தால் உடனே கிளம்பிவிடுவார். மகன் கல்லூரியில் என்ன படிக்கிறான் என்று கேட்டால் முழிப்பார். முன்பு பாட்டிலோடு வீட்டிலிருந்து ஓடியவர் இப்போது சேவையோடு ஓடினார். ஏஏ-வில் பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுவது இதற்காகவும்தான். ஏஏ வழிமுறையின் பன்னிரண்டு படிகளில் கடைசியான பன்னிரண்டாம் படியும் அடுத்த குடிநோயாளிக்குச் செய்தி கொண்டுபோவதோடு நிற்பதில்லை, நம் எல்லாக் காரியங்களிலும் இதைக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. வீட்டுக் காரியமும் அதில் சேர்த்திதானே.

அதனால் வீட்டிலும் ஒரு சாவியைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் செய்யாவிட்டால் நடக்காது என்கிற ஏதாவது ஒரு வேலை, சின்னதாக இருந்தாலும் போதும். இனிமேல் மாறிவிட்டேன் என்று மனைவியிடம் அறிவிக்காதீர்கள், அவர் அதை நூறு தடவை கேட்டிருப்பார். கல்யாணத்துக்குப் போங்கள், ஆனால் நினைத்த நேரத்தில் கிளம்ப வழி வைத்துக்கொண்டு, கூட வருகிற ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிட்டு. குடிப்பதற்கென்றே கூடுகிற இடத்துக்கு மட்டும் வேண்டாம், அங்கே பங்கெடுக்க நமக்கு எதுவும் இல்லை. போதையில் இருப்பவரைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் உதவிய ஆள் மறுபடி குடித்தால் அது உங்கள் தோல்வி இல்லை, நியூயார்க் கதைதான்.

அடுத்த கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அதை யார் தலையில் கட்டலாம் என்று அவரே ஆள் தேடிக்கொண்டிருப்பார்.