சீர்த்தட்டும் தாம்பூலப் பையும் வீட்டிலேயே செய்யலாமா? 92,000 கேட்கிறார் டெக்கரேஷன்காரர்

கேள்வி: என் மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். 21 சீர்வரிசைத் தட்டு, 400 தாம்பூலப் பை, வாசல் தோரணம், மேடைப் பின்னணி எல்லாம் சேர்த்து டெக்கரேஷன்காரர் 92,000 ரூபாய் கேட்கிறார். எங்களால் 30,000க்கு மேல் முடியாது. எனக்கும் என் தங்கைக்கும் தையலும் கைவேலையும் ஓரளவு வரும், மூன்று மாதம் கையில் இருக்கிறது. நாங்களே செய்தால் மாப்பிள்ளை வீட்டார் குறைவாக நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. ஹாட் குளூ கன் ஒன்று வாங்கலாமா? (நாமக்கல் வாசகி ஒருவர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்களே, சீர்த்தட்டு வரிசையாக வரும்போது பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது இரண்டே விஷயம்தான். எல்லாத் தட்டும் ஒரே சாயலில் இருக்கிறதா, ஓரம் பிசிறு இல்லாமல் முடிந்திருக்கிறதா. கல் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. அதனால் இரண்டு நிறம் மட்டும் தேர்ந்தெடுங்கள், மெரூனும் சந்தனமும் என்றால் கடைசித் தட்டு வரைக்கும் மெரூனும் சந்தனமும்தான். நடுவில் தங்கை ஒரு பச்சை லேஸ் கிடைத்தது என்று கொண்டுவந்தால் அதைக் கொலுவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 92,000 கணக்குக்கு வருகிறேன். "மொத்தமா பேசிக்கலாம்மா" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்தி, தட்டுக்கு எவ்வளவு, பைக்கு எவ்வளவு, தோரணத்துக்கு எவ்வளவு, மேடைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார். ஏன் என்றால் தட்டும் பையும் அவர் செய்வதில்லை. அதே ஊரில் வீட்டிலிருந்தபடி கைவேலை செய்யும் பெண்களிடம் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்குகிறார். அந்தப் பெண்களுக்குத்தான் நான் பயிற்சி நடத்துகிறேன், அவர்கள் கைக்கு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும், வயிறு எரியும். நடுவில் நிற்பவர் செய்வது ஒரு போனும் ஒரு லோடு ஆட்டோவும். அதற்கு இவ்வளவா என்று கேட்டால் "ரிஸ்க் எங்களுடையது" என்பார், பை கிழிந்து தேங்காய் உருண்டால் அன்றைக்கு அவர் போன் எடுக்கமாட்டார்.

உங்களுக்கே செய்ய நேரமில்லை என்ற நிலை வந்தாலும் அந்தப் பெண்களிடம் நேராகப் போங்கள். மாவட்டத் தலைநகரங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்களை விற்பதற்கென்றே பூமாலை வணிக வளாகம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே விசாரித்தால் துணிப்பை தைக்கும் குழு, தட்டு அலங்காரம் செய்யும் குழு என்று யாராவது கிடைப்பார்கள். இத்தனை குழுக்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் அவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு சுலபமான வழியை மட்டும் செய்து தராமல் விட்டிருக்கிறார்களே, அந்த இடைவெளியில்தான் புரோக்கர் வண்டி ஓடுகிறது. சரி, அதை விடுங்கள்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் முதல் வேலை இதுதான். வெளி ஆள் அலங்காரம் செய்யலாமா, நாமே தோரணம் கட்டினால் அதற்கு ஏதாவது கட்ட வேண்டுமா என்று கேட்டு, பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். "எங்க ஆளைத்தான் வைக்கணும்" என்று சொல்லும் மண்டபங்கள் இருக்கின்றன, வெளி ஆள் வந்தால் ஒரு தொகையைக் கட்டச் சொல்லும் மண்டபங்களும் இருக்கின்றன. வாடகை கொடுத்து எடுத்த மண்டபத்தில் நம் மகள் கல்யாணத்துக்கு நாம் மாவிலை கட்ட அனுமதிக் கட்டணமா என்று கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அட்வான்ஸ் போன பிறகு கோபப்பட்டு ஒன்றும் நடக்காது.

அடுத்தது தாம்பூலப் பை. உங்கள் செலவில் பாதியை மிச்சம் பிடிக்கப் போவது இதுதான், ஏமாற்று அதிகம் நடப்பதும் இதில்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையில் பளபளவென்று மணமக்கள் பெயர் அச்சடித்து "துணிப்பை" என்று ஒன்று காட்டுவார்கள். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த துணி என்றால் நெடுக்கும் குறுக்குமாக நூல் ஓடும், ஓரத்தில் நகத்தால் கீறினால் ஒரு இழை தனியாக வரும். அந்தப் பையில் இழையே இருக்காது, புள்ளி புள்ளியாக அழுத்தின தடம்தான் தெரியும். ஒரு மூலையைக் கத்தரித்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். இது உருகிச் சுருங்கி, ஆறினதும் கடுகு மாதிரி கட்டியாக நிற்கும். அது பாலிபுரொப்பிலின், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது இந்த நெய்யாத பையையும் அந்தப் பட்டியலில்தான் சேர்த்தார்கள். பூக்கட்டும் அம்மாவின் பிளாஸ்டிக் கவரைப் பிடுங்கி அபராதம் போடத் தெரிகிறது, மொத்தக் கடையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் இது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

நீங்கள் நாமக்கல்லில் இருப்பது பெரிய வசதி, ஈரோடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஜவுளிச் சந்தை திங்கள் இரவே தொடங்கிவிடும், செவ்வாய்க்கிழமை காலையில் போனாலும் காடாத் துணி கிடைக்கும். சாயம் போடாத, வெளுக்காத காடாவே போதும், அந்த நிறமே பைக்கு அழகு. வாங்கும்போது அகலம் எத்தனை அங்குலம் என்று கேட்காமல் மீட்டர் விலையை மட்டும் பேசாதீர்கள், விலை குறைவு என்று வாங்கிவந்து விரித்தால் அகலமும் குறைவாக இருக்கும். சந்தைக்கு வெளியே "வாங்கம்மா, குறைச்சு வாங்கித் தரேன்" என்று கூடவே வருகிறவரைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போங்கள், அவருடைய கமிஷன் உங்கள் துணி விலையில்தான் ஏறும்.

கணக்கு இப்படி. 36 அங்குல அகலத் துணியில், 9 அங்குல அகலமும் 23 அங்குல நீளமும் உள்ள துண்டாக வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, வாய்க்கு ஒன்றரை அங்குலம் மடித்தால், 8க்கு 10 அங்குலத்தில் பை கிடைக்கும். உரித்த தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமப் பொட்டலம் எல்லாம் தாராளமாகப் போகும். அகலத்தில் நான்கு துண்டு, 10 மீட்டரில் 17 வரிசை, ஆக 10 மீட்டருக்கு 68 பை. 400 பைக்கு 60 மீட்டர் வரும், வெட்டில் கோணல் போவதையும் சேர்த்து 65 மீட்டர் வாங்கிவிடுங்கள். பிடிக்கு, பை ஒன்றுக்கு 12 அங்குல நாடா இரண்டு என்று மொத்தம் 250 மீட்டர். அதுவும் பருத்தி நாடாவாக இருக்கட்டும், வழுவழு நாடா தையலிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பிடியைப் பையின் வாயோரத்தில் மேலாக ஒட்டவைத்து ஒரு ஓட்டுத் தையல் போட்டால் பந்தி முடிவதற்குள் பிய்ந்துவிடும். நாடாவின் நுனியை அந்த ஒன்றரை அங்குல மடிப்புக்குள் செருகி, சதுரமாக ஒரு சுற்றுத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே இரண்டு கோடு ஓட்டுங்கள். ஒரு பையை முழுதாகத் தைத்து, தேங்காயைப் போட்டு, சமையலறைக் கதவுக் கொக்கியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மீதியை ஆரம்பியுங்கள். பெயர் அச்சடிக்க வேண்டுமானால் ஸ்கிரீன் பிரின்ட் போடுபவரிடம் தைப்பதற்கு முன்னால், வெட்டின துண்டாகவே கொடுங்கள், தைத்த பையில் மடிப்புத் தடம் விழுந்து எழுத்து நெளியும்.

தட்டுக்கு வருவோம். புதுத் தட்டு வாங்காதீர்கள். சொந்தக்காரர் வீடுகளில் இருக்கும் பித்தளை, எவர்சில்வர் தாம்பாளங்களை இரவல் வாங்குங்கள், அடியில் பெயரெழுதிய ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். தட்டின் மேல் எதையும் ஒட்டவேண்டாம். தட்டின் உள்வட்டத்துக்கு அட்டை வெட்டி, அதற்குத் துணி போர்த்தி, ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்து, அந்த அட்டையைத் தட்டுக்குள் இறக்குங்கள். கல்யாணம் முடிந்ததும் தட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும், அட்டை வளைகாப்புக்கு ஆகும். கிட் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதில் பாதிக் காசு பெட்டிக்கு, வேண்டவே வேண்டாம்.

சில தட்டுகளுக்குப் பதில் பனையோலைப் பெட்டியும் கொட்டான் என்கிற சின்ன ஓலைக்கூடையும் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணத்துக்கு அதுதான் வழக்கமே. சாயம் தோய்த்த ஓலை என்றால் ஈரத் துணியால் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால் அதில் வெற்றிலையோ பூவோ வைக்காதீர்கள், வைத்தே ஆகவேண்டும் என்றால் அடியில் வாழையிலை போடுங்கள். ஆரத்தித் தட்டு ஒன்றில் மட்டும் வெள்ளைப் பசையால் கல் ஒட்டவே கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் பட்டால் பசை இளகி, ஆரத்தி சுற்றும்போது கல் ஒவ்வொன்றாகக் கரைசலுக்குள் விழும்.

இதுவரை சொன்னது எல்லாமே ஒரு மாதம் முன்பே முடித்து அட்டைப் பெட்டியில் போட்டுவிடலாம். தோரணம் அப்படி முடியாது, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். தென்னங்குருத்து வெட்டின மறுநாளே ஓரம் பழுப்பாகி உள்ளே சுருளும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, இரவு உட்கார்ந்து மடிக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டால் நிம்மதி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று, தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், அது போனால் மரமே போச்சு. அதனால் தோப்புக்காரரிடம் முதலிலேயே சொல்லி, அனுபவமுள்ள மரமேறியைக் கொண்டுதான் குருத்து எடுக்க வேண்டும், பையன்களை ஏற்றிவிடாதீர்கள். மடிப்பதிலும் முறை இருக்கிறது. சுபகாரியத் தோரணம் வேறு, துக்க வீட்டுத் தோரணம் வேறு, பொதுவாகச் சுபத்துக்கு ஓலையில் மடித்த குருவி நான்கு, துக்கத்துக்கு மூன்று என்பார்கள். வீடியோ பார்த்து மடிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஊரில் தோரணம் கட்டும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும் கொடுத்தால் அவருக்கும் சந்தோஷம். இவ்வளவும் வாசலில் ஒரு கயிற்றுக்கு மட்டும் போதும். உள்ளே கூடம் முழுக்கத் தொங்கவிட, வெயிலில் உலர்த்தின பனங்குருத்தோலையில் கிளியும் பந்தும் செய்துகொள்ளுங்கள். அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், கல்யாணம் முடிந்து கழற்றிவந்து வீட்டு வரவேற்பறையில் மாட்டலாம்.

மேடையில் நீங்களே கை வைக்க வேண்டாம். உயரத்தில் கட்டுவது, மின்வயர் இழுப்பது எல்லாம் பழகின ஆள் செய்ய வேண்டிய வேலை. அந்த ஒன்றுக்கு மட்டும் ஆள் பேசி, பூவை நேராகப் பூக்காரரிடம் சொல்லிவிடுங்கள். டெக்கரேஷன்காரர் தெர்மாகோலில் பெயர் வெட்டித் தருகிறேன் என்பார். அலங்காரத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை, அது போக மேடையில் ஓமமும் குத்துவிளக்கும் எரியும் இடத்தில் தெர்மாகோலும் பாலியஸ்டர் திரையும் இருப்பது ஆபத்து. தடித்த அட்டையில் எழுத்து வெட்டி, மெரூன் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள், உங்களுக்கும் தங்கைக்கும் இரண்டு சாயங்கால வேலை. அதுவும் அட்டைதான், எரியும், அதனால் விளக்குக்குத் தள்ளி உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். கையில் காசு மிஞ்சினால் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்தே கோரைப்பாய் தருகிறார்கள், இன்றே சொல்லிவைத்தால்தான் தைக்கு வரும். நெய்கிறவரிடம் நேராகச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், எந்தப் பாயையும் பத்தமடை என்று சொல்லி விற்கும் கடைகள் இருக்கின்றன.

ஹாட் குளூ கன் கேட்டிருந்தீர்கள். சின்னதாக ஒன்று வாங்குங்கள், அட்டையில் லேஸ் முனையைப் பிடிக்கவைக்க உதவும். ஆனால் அந்தப் பசை சூட்டில் மறுபடி இளகும், வெயிலில் நிறுத்தின வேனுக்குள் தட்டுகளை அடுக்கிவைத்தால் மண்டபம் போவதற்குள் லேஸ் நழுவிவிடும். ஆகவே ஓரத்தை ஊசி நூலால் நான்கு இடத்தில் குத்திவிட்டு அதற்கு மேல் பசை வையுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும், விரல் சுடும்.